செலவு என்றொரு சொல்: கணியூர்ப் பக்கத்து மழைக்கால அடுப்படி

கொங்கு நாட்டு அடுப்படியில் மசாலாவுக்குப் பெயர் செலவு. “செலவு அரைச்சாச்சா?” என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்டால், அவள் காசுக் கணக்கைக் கேட்கவில்லை. மிளகும் சீரகமும் மல்லியும் மஞ்சளும் மிளகாயும் அம்மியில் அரைபட்டுவிட்டனவா என்றுதான் கேட்கிறாள். பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு தேறுவதற்காக வைத்துக் கொடுக்கும் காரமான ரசத்துக்கும் செலவு ரசம் என்றே பெயர். ஒரு வீட்டின் அடுப்படியில் எத்தனையோ பண்டங்கள் இருக்கின்றன. கம்பு இருக்கிறது, சோளம் இருக்கிறது, கொள்ளு, தட்டப்பயறு, புளி, எண்ணெய், மோர், வத்தல் எல்லாம் இருக்கின்றன. இவற்றில் எதுவும் செலவு ஆகவில்லை. காரச் சாமான்கள் மட்டும் ஏன் அந்தப் பெயரைச் சுமந்தன? எனக்குத் தெரிந்த நேரான விடை ஒன்றுதான்: காசு கொடுத்துச் சந்தையில் வாங்க வேண்டியவையாக இருந்தவை பெரும்பாலும் அவையே. மற்றதெல்லாம் காட்டிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் கட்டுத்தரையிலிருந்தும் வந்தன. ஒரு வட்டாரத்தின் சிக்கனம் என்னவாக இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் எந்த ஆவணத்திலும் கிடைக்காது என்று நினைக்கிறேன். அந்தச் சிக்கனத்துக்கு வயிற்றைக் கட்டுவது என்று பொருள் இல்லை. காசு வாசற்படி தாண்டாமல் பார்த்துக்கொள்வது என்று பொருள். அது தேறுமா தேறாதா என்று ஆண்டுதோறும் சோதித்துப் பார்த்த காலம் ஐப்பசியும் கார்த்திகையும்.

கணியூரை எடுத்துக்கொண்டு இதைப் பேசுவதற்குக் காரணம் அந்த ஊர் இருக்கும் இடம். இன்று அது திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில் ஒரு பேரூராட்சி. 2009-இல் திருப்பூர் தனி மாவட்டம் ஆகும்வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஆனைமலைக்கும் பழனிமலைக்கும் இடையிலிருந்து இறங்கி, கரூர் தாண்டிக் காவிரியில் சேரும் அமராவதி இந்தப் பக்கமாகத்தான் போகிறது. ஆற்றிலிருந்து பிரியும் பழைய ராஜவாய்க்கால்களில் ஒன்று கணியூர் பெயரையே தாங்கியிருக்கிறது. கல்லாபுரம், குமரலிங்கம், சோழமாதேவி, கடத்தூர், காரத்தொழுவு என்று அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் அதுபோலத் தனித்தனி வாய்க்கால்கள் உண்டு. வாய்க்கால் பாயும் அளவுக்கு நெல் வயல். அதைத் தாண்டினால் கிணற்றை நம்பிய தோட்டம், அதற்கும் அப்பால் வானத்தை நம்பிய காடு. மேற்கு மலைகள் தென்மேற்குப் பருவமழையை மறித்துக்கொள்வதால் கொங்கு மழை மறைவுப் பகுதி. மாநிலச் சராசரியைவிடக் குறைவாகத்தான் இங்கே மழை பெய்கிறது, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில். ஆக நஞ்சையும் புஞ்சையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும் எல்லையில் கணியூர் இருக்கிறது. நெல் விளைந்த ஊரில் நெல்லைத்தான் தின்றிருப்பார்கள் என்று நினைத்தால் தவறு. நெல் காசாகும் பயிர். தீர்வைக்கும் கடனுக்கும் கலியாணத்துக்கும் அதுதான் கைகொடுத்தது. நெல்லுச்சோறு அமாவாசைக்கும் நோம்பிக்கும் விருந்தாளிக்கும். அன்றாடம் வயிற்றை நிறைத்தவை கம்மஞ்சோறும் சோளச்சோறும் ராகிக் களியும்.

பழந்தமிழ் இலக்கணம் ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்து, ஐப்பசி கார்த்திகைக்குக் கூதிர் என்று பெயர் வைத்தது. வேறு நாடுகளில் இந்தப் பருவம் அறுவடை முடிந்து களஞ்சியம் நிரம்பும் காலம். மேல்நாட்டுக் குடும்பங்கள் ஆப்பிளையும் பூசணியையும் சமைத்துப் புட்டியில் அடைத்துக் குளிர்காலத்துக்குப் பத்திரப்படுத்துவதும் இந்த மாதங்களில்தான். நம் பக்கத்தில் நிலைமை நேர் எதிர். மானாவாரிக் காட்டில் பயிர் பச்சையாக நிற்கும். தை பிறந்தால்தான் கொள்ளும் சோளமும் களத்துக்கு வரும். கையிருப்பு முழுக்கப் பழைய ஆண்டின் மிச்சம். விறகு நனைந்திருக்கும். வண்டித்தடம் சேறாகிச் சந்தைக்குப் போவதே பாடு. களையெடுப்பும் மழையும் ஒன்றாக வருவதால் பெண்களுக்கு வீட்டில் நிற்க நேரம் இருக்காது. எனவே இங்கே சேமிக்க வேண்டிய காலம் பங்குனியும் சித்திரையும், சேமித்ததைத் தின்னும் காலம் கூதிர். ஆறு மாதத்துக்கு முந்திய வெயிலை உப்பிலும் மோரிலும் பிடித்துப் பானையில் போட்டு வைப்பதுதான் வத்தலும் வடகமும். சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரை, கத்திரி, மோர் மிளகாய் என்று காய்த்துக் கொட்டும் நாளில் விலைபோகாதவை எல்லாம், காய்கறியே இல்லாத நாளில் குழம்பாகித் திரும்பி வந்தன. மாசியில் உலுக்கிய புளி கொட்டை நீக்கி, உப்புப் போட்டு, அடுத்த மாசி வரைக்கும் பானையில் கிடந்தது. சின்ன வெங்காயம் ஓலை வேய்ந்த பட்டறையில் காற்றாட இருந்தது.

இந்தச் சேமிப்பு எவ்வளவு நுட்பமான தொழில் என்பதற்குத் துவரை ஒன்றையே பார்க்கலாம். துவரையை அப்படியே வைத்தால் வண்டு துளைத்து, இரண்டு மாதத்தில் மாவாக உதிரும். அதற்குச் செம்மண் கட்டுவார்கள். துவரையைத் தண்ணீரில் ஊறவிட்டு வடித்து, சலித்த செம்மண்ணைக் குழம்பாகக் கரைத்து, ஒவ்வொரு மணியிலும் படும்படி பிசறி, குவியலாக்கி ஓரிரவு மூடி வைப்பது முதல் வேலை. மறுநாள் காலை களத்தில் பரப்பிக் காயவிடுவார்கள். மண் தன் பங்குக்கு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உள்ளே பருப்பு சுருங்க, தோல் தனியே விலகி நிற்கும். நாலைந்து நாள் வெயிலுக்குப் பிறகு கையில் அள்ளிக் குலுக்கினால் கலகலவென்று கூழாங்கல் ஓசை கேட்க வேண்டும். பிறகு சலித்து மண்ணை நீக்கித் திருகையில் போட்டுச் சுற்றினால் பருப்பு இரண்டாகப் பிளந்து விழும். முறத்தில் புடைக்கும்போது மூன்று பங்காகப் பிரியும்: முழுப் பருப்பு குழம்புக்கு, உடைந்த குருணை கஞ்சிக்கும் களிக்கும், தோலான பொட்டு மாட்டுக்கு. மாடு அதைப் பாலாக்கித் தந்தது, பால் மோராகி அடுத்த கோடையில் மிளகாயை ஊறவைத்தது. உடைக்காமல் வைக்க வேண்டியதை மண்ணோடேயே பானையில் போட்டு, மேலே வேப்பிலையோ நொச்சியோ பரப்பி வாயைக் கட்டிவிடுவார்கள். இதில் விலை கொடுத்து வாங்கியது என்று ஒன்றுமே கிடையாது. மண் காட்டு மண், வெயில் வானத்து வெயில், இலை வேலியில் இருந்தது. உழைப்பு மட்டும்தான் போட்ட முதல். அந்த உழைப்பு யாருடையது என்ற கேள்வி பின்னால் வரும்.

அடைமழை பிடித்துக்கொண்ட நாட்களில் அடுப்படி எப்படி நடந்தது என்று பார்த்தால் அதே கணக்குத்தான் விறகிலும் தெரிகிறது. கொள்ளை ஓட்டில் வறுத்து மண்சட்டியில் வேகவைப்பார்கள். வெந்த தண்ணீரை வடித்தெடுத்துப் புளியும் செலவும் சேர்த்துக் கொதிக்கவிட்டால் ரசம். மழைச் சளிக்கு அதற்குமேல் மருந்து கேட்க மாட்டார்கள். சட்டியில் நின்ற கொள்ளை மத்தால் கடைந்தால் கொள்ளுப் பருப்பு. ஒரே சட்டி, ஒரே தீ, இரண்டு பண்டம். அரிசிம்பருப்பும் இப்படித்தான்: அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, கொஞ்சம் மிளகும் சீரகமும் எல்லாம் ஒரே பானையில் வெந்துவிடும். தனியாகச் சோறு, தனியாகக் குழம்பு என்று இரண்டு அடுப்பு எரிய வேண்டியதில்லை. கம்மஞ்சோறு அந்தி நேரத்தில் ஒரு தடவை வேகும்; மீந்ததை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுவிட்டால் விடிந்ததும் மோர் ஊற்றிக் கரைத்துக் குடித்துவிட்டுக் காட்டுக்குப் போகலாம். காலையில் அடுப்புப் பற்றவைக்கவே வேண்டாம். எரித்த பொருளும் காட்டில் வந்ததே. பருத்தி எடுத்து முடித்த பின் பிடுங்கிய பருத்திமாரைப் போராக அடுக்கி, மழைக்கு முன்பே தாழ்வாரத்தில் ஏற்றிவிடுவார்கள். பின்னாளில் பனியன் நகரமாக உலகுக்குத் தெரியவந்த திருப்பூரின் சுற்று வட்டாரத்தில், பருத்தி பனியனாவதற்கு வெகு காலம் முன்பே வீட்டு அடுப்பைச் சுற்றி வந்துகொண்டிருந்தது: குச்சி விறகாக, கொட்டை மாட்டுத் தீனியாக.

எழுத்துச் சான்றுகளும் இதற்கு ஒத்துப்போகின்றன. திப்பு சுல்தான் 1799-இல் வீழ்ந்து கோயம்புத்தூர் நாடு கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்த மறு ஆண்டு, பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர் மைசூரிலிருந்து மலபார் வரை ஊர் ஊராகப் பயணம் செய்து, கண்டதையெல்லாம் எழுதி வைத்தார். அது 1807-இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. அவர் கொங்கு நாட்டில் சுற்றியது 1800-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், அதாவது நாம் பேசும் அதே பருவத்தில். கம்பும் சோளமும் காட்டை நிறைத்திருந்ததையும், அவற்றோடு பயறு வகைகளைக் கலந்து விதைக்கும் வழக்கத்தையும் அவர் எழுத்தில் காணலாம். கலந்து விதைப்பதே ஒரு சேமிப்புதான்: மழை ஒன்றைக் கைவிட்டாலும் இன்னொன்று பானைக்கு வரும். எண்பத்தேழு ஆண்டு கழித்து, 1887-இல், எஃப். ஏ. நிக்கல்சன் என்ற ஆங்கில அதிகாரி தொகுத்த கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு வெளிவந்தது. அதிலும் மக்களின் அன்றாட உணவாகக் கம்பும் சோளமும் ராகியும்தான் முன்னால் நிற்கின்றன. இரண்டு பேருமே வெளியாட்கள், வரிக்கும் ஆட்சிக்கும் பயன்படும் கண்ணோடு பார்த்தவர்கள். காட்டையும் களத்தையும் கிணற்றையும் எண்ணினார்கள், அடுப்படிக்குள் போகவில்லை. அதனால்தான் செலவு போன்ற ஒரு சொல்லுக்கு இவ்வளவு மதிப்பு. பெண்கள் எழுதி வைக்காத கணக்கு அந்தச் சொல்லில் இருக்கிறது.

சொல்லை வைத்து இவ்வளவு பெரிய முடிவுக்கு வரலாமா என்று ஒருவர் மறிக்கலாம். மறிப்பதற்கு நல்ல காரணமும் உண்டு. உடுமலை வட்டாரத்துக் கரிசல் காட்டில் மல்லி மானாவாரியாகவே விளைந்தது. மிளகாய் தோட்டப் பயிர். மஞ்சள் ஈரோட்டுப் பக்கம் தாராளம். சொந்தக் காட்டில் விளைந்த மல்லியை ஏன் செலவு என்று சொல்ல வேண்டும்? என் பதில் இது. பெயர் ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாக வைத்ததில்லை, ஒரு தொகுதிக்கு வைத்தது. அந்தத் தொகுதியின் தலைச் சாமான் மிளகு, அது மலையில் விளைவது. திப்பிலியும் பெருங்காயமும் கொங்குக் காட்டுக்கு உரியவை அல்ல. மிளகாய் போர்த்துகீசியர் கப்பலேறி அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே வேர்விட்டது பதினாறாம் நூற்றாண்டுக்குப் பிறகுதான். அதற்கு முன் காரம் என்றாலே மிளகு, மிளகு என்றாலே காசு. பின்னால் சில சாமான்கள் வீட்டுக் காட்டில் விளையத் தொடங்கியபோதும் தொகுதியின் பெயர் மாறவில்லை. சொற்கள் இப்படித்தான் பழைய கணக்கைக் காட்டிக் கொடுக்கும். இன்னொரு பொருத்தமும் உண்டு. செலவு ரசம் பிள்ளைப்பேறு போன்ற தவறாத தேவைக்கு வைப்பது. காசு வெளியே போனாலும் பரவாயில்லை, இதற்குச் செய்தே ஆக வேண்டும் என்ற நினைப்பு அந்தப் பெயரிலேயே இருக்கிறது. மிச்சம் பிடித்தது எதற்காக என்று கேட்டால் இதற்காகத்தான்.

செலவுத் தொகுதியில் சேராமல், ஆனால் காசில்லாமல் கிடைக்காத பண்டம் ஒன்று இருந்தது: உப்பு. வத்தலும் புளியும் ஊறுகாயும் உப்பு இல்லாமல் ஒரு மாதம் தாங்காது. கணியூருக்குக் கடல் வெகு தூரம். சென்னை மாகாணத்தில் 1805-இலேயே கம்பெனி உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. 1882-இல் மணங்குக்கு, அதாவது சுமார் 37 கிலோவுக்கு, இரண்டு ரூபாய் என்று இருந்த வரி 1888-இல் இரண்டரை ரூபாய் ஆனது. படிப்படியாகக் குறைந்து 1907-இல்தான் ஒரு ரூபாய்க்கு வந்தது. இந்த வரியை ஏழையின் சோற்றுப் பருக்கை மீது போட்ட வரி என்று பேசுவது வழக்கம். அது உண்மைதான். ஆனால் கூடவே இதையும் சொல்ல வேண்டும்: அது சேமிப்பின் மீது போட்ட வரி. ஒரு குடும்பம் எவ்வளவு அதிகம் வத்தல் போட்டு, எவ்வளவு அதிகம் புளி அடைத்ததோ, அவ்வளவு அதிகம் சர்க்காருக்குக் கட்டியது. சிக்கனமாக இருந்ததற்கே அபராதம் செலுத்திய கணக்கு இது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. தானியம் அடைத்த தொம்பையும் மொடாவும், பண்டம் ஏற்றிய பரணாகிய அட்டாலியும் பேசுவது நிலம் வைத்திருந்தவன் வீட்டுக் கதை. நிலமில்லாதவன் எதைக் காயவைத்தான்? இதற்கு மழுப்பாமல் பதில் சொல்லியாக வேண்டும். பண்ணையத்தில் ஆண்டுக் கணக்கில் வேலை செய்தவனுக்குப் படியாள் என்று பெயர். படிக் கணக்கில் தானியக் கூலி வாங்கியவன் என்பதே அந்தப் பெயரின் பொருள். கொங்கில் மாதாரிகள் என்று அழைக்கப்பட்ட அருந்ததியர் பெரும்பாலும் அந்த நிலையில் இருந்தார்கள். கூலியாக வந்த தானியம் அன்றாடம் கரைந்துவிடும், அடைத்து வைக்க மிச்சம் ஏது? நிலக்காரரான பண்ணாடி வீட்டுப் பழஞ்சோற்றை நம்பி ஆடு மேய்த்த பிள்ளைகளின் வாழ்க்கை எப்படி இருந்தது என்பதைப் பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ நாவல் 2000-இல் விரிவாகக் காட்டியது. அந்தப் பிள்ளைகளின் பசியை மறைத்துவிட்டுக் கொங்குச் சிக்கனத்தைப் புகழ்வது நேர்மை ஆகாது. ஆனாலும் நிலமில்லாத வீட்டுக்கும் அதற்கே உரிய ஒரு மழைக்கால அறிவு இருந்தது. முதல் மழைக்குப் பின் காட்டில் களையாக முளைக்கும் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் குமுட்டிக்கீரையும் களையெடுக்கப் போன பெண்களின் மடியில் வீடு வந்து சேர்ந்தன. களை என்று பிடுங்கி எறிந்ததைக் கடைந்து சோற்றில் ஊற்றினார்கள். வத்தல் இல்லாத வீட்டில் அந்த இரண்டு மாதத்துப் பசையும் சத்தும் அதுவே. கொங்கு மழைக்காலச் சமையல் என்று பேசும்போது கீரைக் கடைசலை ஓரத்தில் வைக்கக் கூடாது. உழைத்த கைகள் கண்டுபிடித்தது அது. அதுபோல, நிலம் உள்ள வீட்டிலும் செம்மண் கட்டியதும் கம்பு இடித்ததும் பெண்களே. அவர்கள் வேலைக்கு எந்தக் கணக்கிலும் விலை எழுதப்படவில்லை. காசு வெளியே போகாததற்கு ஒரு காரணம், அவர்களுக்குக் காசே தரப்படாததுதான்.

அப்படியானால் இந்தச் சிக்கனம் பஞ்சத்தைத் தாங்கியதா? ஒரு மழை பொய்த்தால் தாங்கியது. இரண்டு மழை பொய்த்தால் தாங்கவில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் கோயம்புத்தூர் மாவட்டமும் கடுமையாக அடிபட்டது. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கும் கூலியை, வைசிராய் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் 1877 தொடக்கத்தில் நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் என்று வெட்டினார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. மண் சுமக்கும் ஆளுக்கு அது எந்த மூலைக்கு? மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதைப் பகிரங்கமாக எதிர்த்தார். தானியப் பானைகள் பொதுவாக அடுத்த அறுவடை வரைக்கும், மிஞ்சினால் அதற்கடுத்த விதைப்பு வரைக்கும்தான் கணக்குப் போட்டவை. ரயிலும் கணக்கைக் குழப்பியது. சென்னையிலிருந்து ஈரோடு, திருப்பூர் வழியாக மேற்குக் கடற்கரைக்கு 1862-இலேயே தண்டவாளம் போயிருந்தது. தானியத்துக்கு வெளியூர் விலை தெரிந்த பிறகு, விற்றுக் காசாக்கும் ஆசையும் நெருக்கடியும் கூடின. வீட்டு இருப்பு மெலிந்தது. பஞ்சத்தின் பாடத்தை நான் இப்படித்தான் படிக்கிறேன்: அடுப்படியின் சிக்கனம் பருவத்தோடு மட்டுமே மல்லுக்கு நின்றது. சந்தையோடும் சர்க்காரோடும் மல்லுக்கு நிற்க அதற்கு வலு இல்லை. அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

கோயம்புத்தூர்க் கையேட்டைத் தொகுத்த அதே நிக்கல்சன்தான் பிற்பாடு விவசாயக் கடனைப் பற்றி ஆராய அனுப்பப்பட்டு, ஐரோப்பாவின் கிராம வங்கிகளைப் பார்த்துவிட்டு வந்து, 1895-இலும் 1897-இலும் பெரிய அறிக்கையைக் கொடுத்தார். ஜெர்மனியில் ரைஃபைசன் என்ற ஊர்த்தலைவர் கட்டியெழுப்பிய கடன் சங்கங்களைப் போல இங்கும் வேண்டும் என்பது அதன் சாரம். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. கந்துவட்டியிலிருந்து குடியானவனை மீட்க அது அவசியமான வேலை, சந்தேகமில்லை. ஆனால் அதோடு சிக்கனம் என்ற சொல்லே இடம் மாறியது. இன்றும் ஊழியர் சங்கங்களின் பெயர்ப் பலகையில் சிக்கன நாணயச் சங்கம் என்றுதான் இருக்கும். சிக்கனம் நாணயத்தோடு சேர்ந்துகொண்டது. ஆண்கள் கையெழுத்திடும் பேரேட்டுக்குள் போனது. பண்டமாக மிச்சம் பிடிப்பது பழைய பெண்கள் வேலை, காசாக மிச்சம் பிடிப்பதே நாகரிகம் என்ற எண்ணம் அங்கே தொடங்குகிறது.

அதற்கப்புறம் நடந்த மாற்றங்கள் வேகமானவை. 1957-இல் அமராவதி அணை எழுந்தது. 1960-ஐ ஒட்டி, மடத்துக்குளத்துக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில் அமராவதி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை வந்தது. கிணறுகளில் மின்மோட்டார் ஏறியது. கம்பும் சோளமும் நின்ற காட்டில் கரும்பும், பின்னால் தென்னையும் தக்காளியும் நின்றன. நெல்லுச்சோறு நோம்பிச் சோறாக இருந்த நிலை போய் அன்றாடச் சோறானது; 2011 ஜூன் முதல் ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைத்தது. இதை வீழ்ச்சி என்று புலம்ப எனக்கு மனம் வரவில்லை. படியாள் வீட்டுப் பேத்திக்கு மழைக்காலத்தில் மூன்று வேளை சோறு நிச்சயம் என்பது வரலாற்றில் சின்ன விஷயம் இல்லை. இழப்பு வேறு இடத்தில் நடந்தது. குன்னூர் உணவு ஆய்வுக் கூடத்தில் மக்காரிசனும் அவருக்குப் பின் அய்க்ராய்டும் 1920-களிலும் 30-களிலும் திரும்பத் திரும்பச் சொன்னது, தீட்டிய வெள்ளை அரிசியையே பெரிதும் நம்பிய உணவு சத்துக் குறைந்தது என்பதுதான். அரிசி வந்தது நல்லது. கம்பும் கொள்ளும் கீரையும் அதோடு போனது நல்லதல்ல. கம்பில் இருக்கும் இரும்புச் சத்து தீட்டிய அரிசியைவிடப் பல மடங்கு. இரண்டும் ஒரே தட்டில் இருந்திருக்கலாம்.

இதற்கெல்லாம் மேலாக, கணக்கின் கால அளவு மாறியதையே நான் பெரிய திருப்பமாகக் கருதுகிறேன். 1920-களில் ஒன்றிரண்டு பின்னல் இயந்திரங்களோடு தொடங்கிய திருப்பூர்த் தொழில் 1970-களின் கடைசியில் ஏற்றுமதிக்குத் திரும்பி, சுற்று வட்டாரம் முழுவதிலிருந்தும் ஆட்களை இழுத்தது. மடத்துக்குளம், உடுமலைப் பக்கத்துப் பெண்கள் நூல் மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் வேன் ஏறினார்கள். கம்பெனிக் கூலி வாரக் கூலி, சனிக்கிழமை கைக்கு வரும். காட்டுக் கணக்கு ஆண்டுக்கு ஒரு தடவை முடிவது, கம்பெனிக் கணக்கு வாரம் ஒரு தடவை முடிவது. சித்திரையில் வத்தல் போட்டு ஐப்பசியில் எடுக்கிற பொறுமைக்கு ஆண்டுக் கணக்கு வேண்டும். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிறவளுக்கு நாலு நாள் களத்தில் துவரையைப் புரட்டிப் போட நேரம் எங்கே? வாங்குகிற பாக்கெட்டைவிட வீட்டு வத்தல் மலிவு என்று அவளிடம் சொல்வது கணக்குத் தெரியாத பேச்சு. அந்த நான்கு நாளுக்கு இப்போது ஒரு விலை இருக்கிறது, அந்த விலை அவள் கையில் காசாகவே வருகிறது. கோவையில் 1955-இல் பி. சபாபதி உருவாக்கிய மாவரைக்கும் மின் கல் முதல், அரசு வீடு வீடாகக் கொடுத்த மிக்ஸி கிரைண்டர் வரை, அடுப்படிக்கு வந்த கருவிகள் எல்லாம் அவள் நேரத்தை மிச்சப்படுத்தத்தான் வந்தன. பாட்டி காசை வெளியே விடாமல் பிடித்தாள், பேத்தி நேரத்தைப் பிடிக்கிறாள். அவளைச் செலவாளி என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் வாரக் கூலிக்கும் ஒரு மழைக்காலம் உண்டு. ஆர்டர் குறைந்தாலோ, நூல் விலை ஏறினாலோ, ஷிப்ட் குறையும். சனிக்கிழமைக் கவர் இளைக்கும். பழைய வீட்டில் அந்த மாதிரி வாரத்துக்கு அட்டாலியில் பானை இருந்தது. இப்போது ஐப்பசியில் கைக்கு வருவது தீபாவளி போனஸ். அதில் துணிக்கும் பலகாரத்துக்கும் நகைச்சீட்டுக்கும் போக மிஞ்சுவதுதான் மழைக்கால மளிகை. அந்த மளிகைச் சீட்டைப் பார்த்தால் பண்டங்கள் எல்லாம் பழையவையே: கொள்ளு அரைக் கிலோ, கம்பு மாவு ஒரு பாக்கெட், சுண்டைக்காய் வத்தல் நூறு கிராம், மோர் மிளகாய் ஐம்பது கிராம், செம்மண் கட்டிய துவரம்பருப்பு ஒரு கிலோ, புளி கால் கிலோ. மிளகும் சீரகமும் மல்லியும் இருந்த இடத்தில் மசாலாத் தூள் என்று எழுதியிருக்கும். செலவு என்ற பெயர் அந்தத் தூளுக்கு இப்போது இல்லை. சீட்டின் அடியில் கூட்டிப் போட்ட தொகைக்குத்தான் அந்தப் பெயர்.